முதல் பத்து நிமிடம்

"இப்பதான் ஆரம்பிச்சேன், இன்னும் பத்தே நிமிஷம்!" நம் வீடுகளில் இதைக் கேட்காத பெற்றோர் குறைவு. சாக்கு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் வீடியோ கேமின் ஆரம்பம் எப்படி இவ்வளவு நீண்டது என்று பார்த்தால், பிள்ளைகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

1971இல் அமெரிக்காவில் வந்த 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' காசு போட்டு ஆடும் இயந்திரம். அதன் விளக்கக் குறிப்புகள் அதிகம். மது விடுதிக்கு வந்தவர்களுக்கு அவற்றைப் படிக்கப் பொறுமை இல்லை. அதை உருவாக்கிய நோலன் புஷ்னெலின் அட்டாரி நிறுவனம் அடுத்த ஆண்டே 'பாங்' கொண்டுவந்தது. பந்தைத் தவறவிடாதே, புள்ளி கூடும். தெரிய வேண்டியது அவ்வளவுதான். 25 சென்ட் போட்டவர் உடனே ஆட வேண்டும். சீக்கிரம் தோற்கவும் வேண்டும். அப்போதுதான் அடுத்த நாணயம் விழும்.

கேம் வீட்டுக்கு வந்ததும் அந்த நாணயம் போயிற்று. முழு விலையையும் முன்பே கொடுத்தவரைத் துரத்த வேண்டியதில்லை, மெதுவாகக் கற்றுக்கொடுக்கலாம். 1985இல் நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அதை அழகாகச் செய்தது. மாரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறான், வலது பக்கம் வெற்றிடம். எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சற்று தூரத்தில் கூம்பா என்ற சிறு எதிரி. மோதினால் ஓர் உயிர் போகும். ஆனால் தொடங்கிச் சில நொடிகளே ஆனதால் பெரிய இழப்பில்லை. பிறகு கட்டியிலிருந்து வெளிவரும் காளான், குழாயில் முட்டித் திரும்பி மாரியோவிடமே வருகிறது. விலக நினைத்தாலும் பெரும்பாலும் பட்டுவிடும். பட்டதும் அவன் வளர்கிறான். காளான் நல்லது என்று ஒரு வார்த்தை இல்லாமல் தெரிந்துவிடுகிறது. மியாமோட்டோவும் டெசுகாவும் யோசித்து வைத்த ஏற்பாடு இது. வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸுகளுக்குக் கட்டுக் கட்டாகத் தாள் கொடுக்கும் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பிறகு கதை வந்தது. 1998இல் 'ஹாஃப் லைஃப்' ஆடுபவரை ஒரு ரயில் பெட்டியில் உட்கார வைத்து, சில நிமிடங்கள் வேடிக்கை மட்டும் பார்க்கச் சொன்னது. அது நன்றாகவே இருந்தது. 2009இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 13' எல்லை மீறியது: மொத்தம் 13 அத்தியாயங்கள், 11ஆவதில்தான் விரிந்த வெளி. அதுவரை பல மணி நேரம் ஒரே நீண்ட தாழ்வாரம். ரசிகர்களே சலித்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட கேமுக்கும் பழைய மாரியோவுக்கும் நாம் வீட்டில் ஒரே அரைமணி நேரச் சட்டம் போடுகிறோம். மாரியோவில் அரைமணிக்குள் பல முறை தோற்று எழலாம். இதில் முன்கதைகூட முடியாது. சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மணி பார்ப்பதோடு, எந்த இடத்தில் சேமித்து நிறுத்தலாம் என்றும் முதலிலேயே பிள்ளையிடம் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

2017இன் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' நடுவழி ஒன்றைப் பிடித்தது. குகையில் கண்விழித்த வீரன் சிறிது நேரத்திலேயே வெளியே வந்து நாடு முழுவதையும் பார்க்கிறான். ஆனால் நான்கு சோதனைகளை முடிக்காமல் அந்தப் பீடபூமியைவிட்டு இறங்க முடியாது. அதற்கே ஒரு மாலைப்பொழுது போகலாம். அதில் நடப்பதும் ஏறுவதும் சமைப்பதும் பிள்ளையின் விருப்பப்படியே.