ஹிரோஷிமாவில் படித்த மலாயாப் பையன்கள்

ஜப்பான் அரசின் உதவித்தொகையைப் பழைய ஆட்கள் 'மொன்பூஷோ' என்பார்கள். இன்றைய பிள்ளைகள் 'மெக்ஸ்ட்' என்கிறார்கள். 1954-ல் ஆரம்பித்த திட்டம் அது. அதுக்குப் பதினொரு வருஷம் முன்னாடியே அந்த அரசு வெளிநாட்டுப் பையன்களைத் தன் செலவில் கூட்டிப்போய்ப் படிக்க வைத்திருக்கிறது. அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

1943. மலாயா, சுமத்ரா, ஜாவா, பர்மா, பிலிப்பைன்ஸ் எல்லாம் ஜப்பானியப் படையின் பிடியில். அங்கிருந்து நல்ல குடும்பத்துப் பையன்களாகப் பொறுக்கி, அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக ஏறத்தாழ 200 பேரை அனுப்பினார்கள். 'தென்பகுதி சிறப்பு மாணவர்கள்' என்று பெயர். படித்துவிட்டு ஊர் திரும்பி ஜப்பானுக்கு அனுசரணையாக நிர்வாகம் பண்ணணும், அதுதான் கணக்கு. சலுகையா, பணயமா என்று கேட்டால், இரண்டும் கலந்தது என்றே எனக்குப் படுகிறது.

முதலில் மொழி, பிறகு ஆளுக்கொரு ஊர். போர்க்காலம் என்பதால் சாப்பாடு அளவுதான். (நம் ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டியவர்கள் கவனிக்க!) சிலருக்கு வாய்த்த ஊர் ஹிரோஷிமா.

1945 ஆகஸ்டு 6, காலை 8.15. அணுகுண்டு விழுந்தபோது வகுப்பில் இருந்தவர்கள் இடிபாடுகளுக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்கள். விடுதியும் போயிற்று. பல்கலைக்கழகத் திடலில் வெட்டவெளியில்தான் பல நாள் வாசம். ஊரே எரிகிறது, இவர்களோ அந்நியர்கள். ஆனாலும் காயம்பட்ட ஜப்பானியர்களுக்குத் தங்களால் ஆனதைச் செய்தார்கள்.

கிளந்தான் மாநிலத்து நிக் யூசோப் பிழைக்கவில்லை. ஜொகூரின் சையத் ஓமார் தப்பித்து, மாதக் கடைசியில் நண்பர்களோடு டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். வழியில் உடம்புக்கு முடியாமல் கியோட்டோவில் இறக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு ஜப்பானிய டாக்டர் தன் ரத்தத்தையே கொடுத்துப் பார்த்தார். செப்டம்பர் 2-ல் சரணாகதி கையெழுத்தானது. 3-ல் ஓமார் போய்விட்டார். வயசு 19. கியோட்டோவில் என்கோஜி என்ற பௌத்தக் கோயில் வளாகத்தில், இஸ்லாமிய முறையில் கட்டிய அவர் கல்லறை இருக்கிறது.

பிழைத்தவர்களில் பெங்கிரான் யூசுப் புருணையின் தேசிய கீதத்துக்கு வரிகள் எழுதினார். பின்னாளில் அந்நாட்டின் முதலமைச்சரும் ஆனார். அவரைவிட என்னை யோசிக்க வைத்தவர் அப்துல் ரசாக். ஊர் திரும்பி வாத்தியார் ஆனவர். 1982-ல் மகாதீர் 'கிழக்கை நோக்கு' கொள்கையை அறிவித்து மலேசிய மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பத் தொடங்கினார். அவர்களுக்கு ஜப்பானிய மொழி யார் கற்றுக்கொடுப்பது? ரசாக்கும் முன்வந்தார். தன் தலைமேலேயே இடிந்து விழுந்த வகுப்பறையில் படித்த மனுஷன், நாற்பது வருஷம் கழித்துக் கரும்பலகை முன்னால் நின்று, அந்த நாட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு அதன் எழுத்துகளை எழுதிக் காட்டினார்.