இன்ஜின் வீடு மாறிய கதை

லெக்ஸஸ் ஜிஎஸ் 300 அலுங்காமல் குலுங்காமல் போவதற்கென்றே செய்யப்பட்ட பெரிய செடான். தோல் இருக்கை, தானியங்கி கியர், சத்தமே வெளியில் கேட்காத மூன்று லிட்டர் இன்ஜின். 1990களில் வந்த இந்தக் காரை மலிவாக வாங்கி, இன்ஜினை இறக்கி, டொயோட்டா சுப்ராவின் டர்போ இன்ஜினை ஏற்றுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். தானியங்கி கியர்பாக்ஸையும் கழற்றிவிட்டு, கிளட்ச் பெடலோடு மேனுவல் கியர்பாக்ஸைப் பொருத்துகிறார்கள். நல்ல காரைக் கெடுக்கிறார்கள் என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. ஆனால் வரலாறு பட்டறைக்காரர்கள் பக்கம்தான் நிற்கிறது. டர்போ, மேனுவல் கியர், இன்ஜின் மாற்றம் ஆகிய மூன்றின் கதையிலும் சொகுசுக் கார் முக்கியமான இடங்களில் தலைகாட்டுகிறது.

டர்போவிலிருந்து தொடங்கலாம். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகையில் இன்னும் நிறைய ஆற்றல் மிச்சமிருக்கிறது. அதைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால் என்ன? சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். அவர் மனத்தில் இருந்தவை பெரிய டீசல் இன்ஜின்கள். 1920களில் அவருடைய மேற்பார்வையில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களில் டர்போ பொருத்தப்பட்டபோது, 1,750 குதிரைத்திறன் கொண்ட இன்ஜின்கள் 2,500 தந்தன. டர்போ முதலில் பேர் வாங்கியது கடலில்தான்.

அதற்கு முன்பே அமெரிக்காவில் வேறொருவர் அதை மலையேற்றிவிட்டார். முதல் உலகப் போரில் விமானங்கள் உயரே போகப் போக, காற்று மெலிந்து இன்ஜின்கள் திணறின. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ் 1918இல் லிபர்ட்டி என்ற 12 சிலிண்டர் விமான இன்ஜினை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோனார். 14,000 அடிக்கு மேலான அந்த உச்சியில் டர்போ பொருத்திய லிபர்ட்டி, கடல் மட்டத்தில் காட்டிய பலத்தை அப்படியே காட்டியது.

போர் முடிந்ததும் இத்தகைய விமான இன்ஜின்கள் வேலையில்லாமல் குவிந்தன. இங்கிலாந்தில் கேன்டர்பரி அருகே வாழ்ந்த லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்ற பணக்கார இளைஞர் அவற்றை வாங்கிக் கார்களில் ஏற்றத் தொடங்கினார். பழைய மெர்சிடிஸ் சேஸிஸில் 23 லிட்டர் மேபாக் விமான இன்ஜினை வைத்து 1921இல் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் வெற்றி பெற்றார். அந்தக் காருக்கு அவர் வைத்த பெயர் 'சிட்டி பேங் பேங்'. பிறகு பைக்ஸ் பீக் ஏறிய அதே இன இன்ஜினான லிபர்ட்டியை, 27 லிட்டர் கொள்ளளவோடு இன்னொரு காரில் ஏற்றினார். அதற்குக் கியர்பாக்ஸ் கிடைத்தது போருக்கு முந்தைய பென்ஸ் பந்தயக் காரிலிருந்து. ஒரு நாட்டின் இன்ஜினையும் இன்னொரு நாட்டின் கியர்பாக்ஸையும் மணம் முடித்துவைக்கும் வேலை இன்றைய பட்டறைகளுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. ஸ்பொரோவ்ஸ்கி 1924இல் பந்தயத்தில் இறந்தார். அந்தக் காரை வாங்கிய பாரி தாமஸ் அதற்கு 'பாப்ஸ்' என்று பெயரிட்டு, 1926இல் மணிக்குச் சுமார் 275 கிலோமீட்டர் வேகத்தில் உலகச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு அதே காரில், வேல்ஸ் கடற்கரையில் உயிரிழந்தார். கார் அங்கேயே மணலில் புதைக்கப்பட்டது. 1969இல் அதைத் தோண்டி எடுத்துப் பழுதுபார்த்தார்கள்.

இதே காலத்தில் கியர் போடுவதே ஒரு வித்தையாக இருந்தது. கொஞ்சம் பிசகினாலும் பற்சக்கரங்கள் கரகரவென்று அரைபடும். 1928இல் காடிலாக் நிறுவனம் சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று சேருமுன் இரண்டின் வேகத்தையும் சமமாக்கும் அமைப்பு அது. இன்று நாம் மேனுவல் கார்களில் சத்தமில்லாமல் கியர் போடுகிறோம் என்றால், அந்த வசதி முதலில் வந்தது அமெரிக்கச் சொகுசுக் காரில்தான். 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் ஹைட்ராமாட்டிக் என்ற தானியங்கி கியர் வந்தது. அதன் பிறகு சொகுசு என்றாலே கிளட்ச் இல்லாத கார் என்ற எண்ணம் மெல்ல மெல்ல நிலைத்தது.

கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேறொரு கூட்டம் கிளம்பியது. ஃபோர்டு 1932இல் சாமானியர் வாங்கும் விலையில் வி8 இன்ஜினைக் கொடுத்தது. இளைஞர்கள் அதை எடுத்து முந்தைய ஃபோர்டுகளின் இலகுவான உடலில் வைத்தார்கள். 'ஹாட் ராட்' என்ற பெயரில் ஒரு பண்பாடே அதிலிருந்து வளர்ந்தது. 1949இல் காடிலாக்கின் புதிய வி8 வந்தபோது, நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த பில் ஃப்ரிக் அதை ஃபோர்டில் வைத்து 'ஃபோர்டிலாக்' என்றும், ஸ்டூடபேக்கரில் வைத்து 'ஸ்டூடிலாக்' என்றும் விற்றார். ஜேம்ஸ் பாண்டை உருவாக்கிய இயான் ஃப்ளெமிங் 1956இல் எழுதிய நாவலில் பாண்டின் நண்பர் ஓட்டுவது ஒரு ஸ்டூடிலாக். அதே ஃப்ளெமிங்தான், ஸ்பொரோவ்ஸ்கியின் காரை நினைவில் வைத்து 'சிட்டி-சிட்டி-பேங்-பேங்' என்ற சிறுவர் கதையையும் எழுதினார். வெவ்வேறு கண்டங்களில் பிறந்த இரண்டு இன்ஜின் மாற்றங்களை ஒரே எழுத்தாளர் புகழாக்கினார்.

1962இல் ஓல்ட்ஸ்மொபீல் 'ஜெட்ஃபயர்' என்ற காரில் டர்போவைப் பொருத்தியது. சாதாரண மக்கள் கடையில் வாங்கக்கூடிய முதல் டர்போ கார்களில் அது ஒன்று. அதன் 3.5 லிட்டர் அலுமினிய வி8இல் எரிபொருள் நேரந்தவறி வெடிக்காமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் மறந்துபோனார்கள். பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டோடு ஜெட்ஃபயர் நின்றது.

ஆனால் அந்த இன்ஜினின் உடன்பிறப்பு ஒன்று தப்பிப் பிழைத்தது. ப்யூக் கார்களுக்காகச் செய்யப்பட்ட அதே அலுமினிய வி8 அமெரிக்காவில் கைவிடப்பட்டபோது, இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தார் கண்ணில் பட்டது. அதுவும் கார் தொழிற்சாலையில் இல்லை. படகு இன்ஜின் செய்யும் மெர்குரி மரீன் பட்டறைக்கு வேறு வேலையாகப் போனபோது அங்கே பார்த்ததாகத்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 1965இல் உரிமம் வாங்கினார்கள். 1967இல் அது ரோவரின் பெரிய செடானில் ஏறியது. பிரிட்டிஷ் பிரதமர்கள் பயணம் செய்த கார் அது. 1971இல் அதே இன்ஜின் கொண்ட சற்றுச் சிறிய ரோவர் 3500க்கு மேனுவல் கியரும் கிடைத்தது. கென் காஸ்டெல்லோ என்ற தனியாள் இந்த வி8ஐ எம்ஜிபி காரில் ஏற்றி விற்கத் தொடங்கினார். எம்ஜிபியைத் தயாரித்த நிறுவனம் அவருடைய காரை வரவழைத்துப் பார்த்தது. 1973இல் தானே எம்ஜிபி வி8ஐ வெளியிட்டது. இந்த முறை பட்டறையைப் பார்த்துத் தொழிற்சாலை நகலெடுத்தது.

இந்தக் குடும்பக் கதை சென்னைக்கும் வந்தது, ஆனால் தலைகீழாக. இதே வி8க்காக வடிவமைக்கப்பட்ட ரோவர் எஸ்டி1 காரின் உடலை வாங்கி, சென்னைப் புறநகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது வான்கார்டு என்ற பழைய காரின் காலத்து நான்கு சிலிண்டர் இன்ஜின். எட்டு சிலிண்டர் சுமக்க வேண்டிய எடையை நான்கு சிலிண்டர் இழுத்தது. விலை அதிகம், ஓட்டம் மந்தம். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. கல்கத்தாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் எதிர்த்திசையில் போனது. வாக்ஸால் விக்டரின் உடலும் அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினுமாகப் பிறந்த கான்டெஸா, ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் தன் உருவத்துக்கேற்ற ஓட்டத்தைப் பெற்றது.

ஜெர்மனியிலும் பெரிய பெயர்களுக்குப் பின்னால் கள்ளத்தனமான ஒரு தொடக்கம் இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் இரண்டு உயர் அதிகாரிகள், ஃபால்கன்ஹவுசனும் பொன்ஷும், ஒருவருக்கொருவர் தெரியாமல் தங்கள் சொந்த 1600 காரில் இரண்டு லிட்டர் இன்ஜினை ஏற்றச் சொல்லியிருந்தார்கள். இரண்டு காரும் ஒரே நேரத்தில் பட்டறையில் நின்றபோது விஷயம் வெளிப்பட்டது. 1968இல் அதுவே 2002 என்ற புகழ்பெற்ற மாடலானது. அதே ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.3 வந்தது. பொறியாளர் எரிக் வாக்ஸன்பெர்கர், பிரம்மாண்டமான 600 லிமோசினின் 6.3 லிட்டர் வி8ஐ யாருடைய உத்தரவும் இல்லாமல் சற்றுச் சிறிய காரில் வைத்துப் பார்த்ததன் விளைவு அது. 1985இன் முதல் பிஎம்டபிள்யூ எம்5, எம்1 என்ற பந்தய வகைக் காரின் இன்ஜின் வழிவந்த இன்ஜினையும் ஐந்து கியர் மேனுவலையும் அலுவலகத்துக்குப் போகும் செடானில் சேர்த்தது.

டர்போவும் மேனுவலும் சொகுசு செடானும் ஒன்றாகத் தொழிற்சாலையிலிருந்தே உச்சம் தொட்டது 1990இல். ஓபெல் ஒமேகா, வாக்ஸால் கார்ல்டன் என்று இரு பெயர்களில் விற்ற குடும்பக் காரை எடுத்து, லோட்டஸ் நிறுவனம் இரட்டை டர்போவும் 377 குதிரைத்திறனும் ஆறு கியர் மேனுவலும் கொடுத்தது. மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். 1993இல் இங்கிலாந்தில் திருடர்கள் ஒன்றைத் திருடிக்கொண்டுபோய்க் கொள்ளையடித்தபோது போலீசார் துரத்திப் பிடிக்க முடியாமல் திகைத்தார்கள். இந்தக் காரை விற்பதையே தடை செய்ய வேண்டும் என்று பத்திரிகைகள் முன்பே எழுதியிருந்தன. அதற்குள் மொத்தம் 950 கார்களோடு உற்பத்தி முடிந்திருந்தது.

ஜப்பானில் முதல் டர்போ கார் எது என்று கேட்டால் பலர் ஒரு பந்தய வண்டியின் பெயரைச் சொல்வார்கள். உண்மையில் அது 1979இல் வந்த நிசான் செட்ரிக், அதிகாரிகளும் முதலாளிகளும் ஏறும் செடான். இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட கார்களுக்கு வரி கடுமையாக இருந்ததால், இன்ஜினைப் பெரிதாக்காமல் பலத்தைக் கூட்ட டர்போ கைகொடுத்தது. சுப்ராவின் இன்ஜின் என்று உலகம் கொண்டாடும் 2ஜேசட்-ஜிடிஇ 1991இல் முதலில் ஏறியதும் டொயோட்டா அரிஸ்டோ என்ற சொகுசு செடானில்தான். சுப்ராவுக்கு அது 1993இல் வந்தது, ஜெர்மனியின் கெட்ராக் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆறு கியர் மேனுவலோடு. அரிஸ்டோவை லெக்ஸஸ் ஜிஎஸ் 300 என்று பெயர் மாற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியபோது டர்போவை எடுத்துவிட்டார்கள். மேனுவல் கியரும் தரவில்லை. ஆகவே ஜிஎஸ் 300இல் சுப்ராவின் இன்ஜினை ஏற்றுகிறவர் அந்நியமான எதையும் நுழைக்கவில்லை. அந்த இன்ஜின் தன் முதல் வீட்டுக்குத் திரும்புகிறது. 86 மில்லிமீட்டர் விட்டம், 86 மில்லிமீட்டர் வீச்சு, ஆறு சிலிண்டர்கள், வார்ப்பிரும்பு பிளாக். ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால் காகிதத்தில் அதற்கு 280 குதிரைத்திறன்தான். பிளாக்கின் உறுதியோ அதைப் போலப் பல மடங்கு தாங்கும்.

இந்த இன்ஜின்களை உலகெங்கும் கொண்டுசேர்த்தவர்கள் பழைய பொருள் வியாபாரிகள். ஜப்பானில் புதுக் கார் மூன்று ஆண்டுகளிலும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செலவு மிகுந்த கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். நன்றாக ஓடும் கார்களைக்கூட அங்கே சீக்கிரம் கழித்துவிடுகிறார்கள். அவற்றின் முன்பாதியை இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாவற்றோடும் அப்படியே வெட்டிக் கன்டெய்னரில் ஏற்றுவதற்கு 'ஹாஃப் கட்' என்று பெயர். நியூசிலாந்து, ஷார்ஜா, மலேசியா, கொழும்பின் பஞ்சிகாவத்தை என்று அந்தச் சரக்கு போகாத இடம் குறைவு. மிட்சுபிஷி லான்சரின் வழிவந்த மலேசியாவின் புரோட்டான் கார்களில், அதே மிட்சுபிஷியின் டர்போ இன்ஜின்கள் ஏறியதற்கு இந்த ஹாஃப் கட் கடைகளே காரணம். 2001இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' திரைப்படம் சுப்ராவைக் காட்டியதும் 2ஜேசட்டின் மவுசு ஏறியது.

வேலை என்னவோ சுலபமில்லை. இன்ஜின் மவுண்ட் பொருந்த வேண்டும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டும். கிளட்ச் பெடலுக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விடத் தலைவலி வயரிங். கியர்பாக்ஸ் தானியங்கி என்றே நம்பிக்கொண்டிருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றியாக வேண்டும். பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக், புதிய பலத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

நம் நாட்டில் இதை நினைத்த மாத்திரத்தில் செய்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வகை இன்ஜினை மாற்றுவதென்றாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆசை இருக்கிறவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தையும் அந்த அலுவலகத்தையும் பாருங்கள், அதன் பிறகு இன்ஜினை விசாரியுங்கள். ஆனால் வேறு நாட்டில் யாரோ ஒருவர் தன் செடானில் இதைச் செய்திருப்பதைக் கண்டால், காரைக் கெடுத்துவிட்டார் என்று சொல்லிவிடாதீர்கள். மெர்சிடிஸும் பிஎம்டபிள்யூவும் ரோவரும் தங்கள் சிறந்த கார்கள் சிலவற்றை இப்படித்தான் கண்டடைந்தன.