செவிலியர் ஊதியமும் பணிச்சூழலும்: தமிழ்நாட்டு மாவட்ட மருத்துவமனைகள்

தமிழ்நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளில் செவிலியரின் சம்பளம் பெரிதும் அவருடைய நியமன ஆணையின் வகையைப் பொறுத்தது. ஒரே வார்டில், ஒரே இரவில், ஒரே வேலையைப் பார்க்கும் இருவரில் ஒருவர் படிகளும் ஆண்டு உயர்வும் உள்ள காலமுறை ஊதியத்திலும் மற்றவர் படிகளற்ற தொகுப்பூதியத்திலும் இருப்பது வழக்கமான காட்சி. இருவரும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்போ நான்காண்டு இளநிலைப் பட்டமோ முடித்து, மாநில செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்கள். நோயாளிக்கு இருவரும் 'சிஸ்டர்'தான். மாத இறுதியில் இருவர் கைக்கும் வரும் தொகையோ ஒன்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபடலாம். தனியார் மருத்துவமனைகளையும் மத்திய அரசு நிறுவனங்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

மாநில அரசு மருத்துவமனைகள் மூன்று இயக்ககங்களின் கீழ் உள்ளன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககமும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளையும் வட்ட மருத்துவமனைகளையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககமும், ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொது சுகாதாரத் துறையும் நடத்துகின்றன. 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், இராமநாதபுரம் உள்ளிட்ட 11 இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் தொடங்கப்பட்டன. அதுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளாக இருந்தவை பல கற்பிக்கும் மருத்துவமனைகளாயின. அவற்றுக்குரிய செவிலியர் எண்ணிக்கை அளவுகோலும் அதனால் மாறியது. இரு மருத்துவமனைகளை ஒப்பிடுமுன் அவை எந்த இயக்ககத்தின் கீழ் வருகின்றன என்று பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

காலமுறை ஊதியம்

நிரந்தரச் செவிலியரின் சம்பளம் பல அடுக்குகளால் ஆனது. அடிப்படை ஊதியம், விலைவாசியோடு ஏறும் அகவிலைப்படி, ஊரின் தரத்துக்கேற்ற வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி ஆகியவை அதில் அடங்கும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் பணிபுரிவோருக்குத் தனிப்படியும் உண்டு. ஆண்டுக்கொரு முறை ஊதிய உயர்வு வரும். பத்தாண்டு முடிந்தால் தேர்வு நிலை, இருபதாண்டு முடிந்தால் சிறப்பு நிலை. பதவி உயர்வு பெற்றால் செவிலியர் கண்காணிப்பாளர் பதவிகளுக்குச் செல்லலாம். ஆனால் மேலே போகப்போக இடங்கள் குறைவு என்பதால், செவிலியராகச் சேர்ந்து செவிலியராகவே ஓய்வு பெறுவோரும் உள்ளனர். 2003 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். ஒரே பதவியில் இருக்கும் மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பெரிய வேறுபாடு இது.

அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே மாநில, மத்திய ஊதியங்கள் ஒன்றல்ல. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு நிறுவனங்களில் செவிலிய அலுவலர் ஏழாம் நிலையில் வைக்கப்பட்டு, 44,900 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் பணியைத் தொடங்குகிறார். அதன்மேல் அகவிலைப்படி முதலியவற்றோடு, செவிலியர் படி மாதம் 7,200 ரூபாயாகவும் சீருடைப்படி 1,800 ரூபாயாகவும் 2017இல் நிர்ணயிக்கப்பட்டன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைச் செவிலியரின் தொடக்க அடிப்படை ஊதியம் இதைவிடக் குறைவு. புதுச்சேரியின் ஜிப்மரும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளவை. இரண்டுக்கும் நோயாளிகள் வரும் ஊர்களும் பெரும்பாலும் ஒன்றே. ஊதிய விதிகள் மட்டும் வேறு.

தொகுப்பூதியம்

தமிழ்நாட்டில் செவிலியர் ஊதியம் பற்றிய கசப்பின் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் அமைக்கப்பட்டது. அது 2015இல் போட்டித் தேர்வு நடத்தி 7,243 செவிலியர் இடங்களுக்கு ஆளெடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டாண்டு முடிந்தபின் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்ற நம்பிக்கையில் அவர்கள் சேர்ந்தார்கள். ஆனால் காலியிடம் உண்டானால்தான் மாற்றம் என்ற நிலையில் இரண்டாண்டு என்பது பலருக்கு நான்காண்டு, ஆறாண்டு என நீண்டது. 2017 நவம்பர் இறுதியில் மாநிலம் முழுவதிலுமிருந்து வந்த செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினர். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. தொகுப்பூதியம் பின்னர் 14,000 ரூபாயாகவும், 2022இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

தொகுப்பூதியத்தில் அகவிலைப்படி இல்லை, வீட்டு வாடகைப்படி இல்லை. தேர்வு நிலைக்கும் சிறப்பு நிலைக்கும் ஆண்டுகள் எண்ணப்படுவது பணி முறைப்படுத்தப்பட்ட நாளிலிருந்துதான். ஆகவே ஒப்பந்தத்தில் கழியும் ஒவ்வோராண்டும் அப்போதைய சம்பளத்தைக் குறைப்பதோடு நிற்காமல், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வரவேண்டிய சம்பளத்தையும் பின்னுக்குத் தள்ளுகிறது. 7,700க்கும் நிரந்தரச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணக்கிட்டவர்கள் இந்த இழப்பைக் கவனிப்பதில்லை.

கொரோனா காலத்தில் அவசரமாக நியமிக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் கடினமானது. தொற்று உச்சத்தில் இருந்தபோது பாதுகாப்புக் கவச உடையில் மணிக்கணக்காக நின்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. 2023 புத்தாண்டு அவர்களில் பலருக்குப் போராட்டத்தில்தான் விடிந்தது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நிதியில் நியமிக்கப்படுவோர் மற்றொரு பிரிவினர். ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் ஒப்பந்தமும் திட்ட நிதியைச் சார்ந்த சம்பளமும் அவர்களுடையவை.

தற்காலிக ஊழியரும் நிரந்தர ஊழியரும் ஒரே வேலையைச் செய்தால், தற்காலிக ஊழியருக்கு அப்பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் தொடக்க ஊதியமாவது தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. தொகுப்பூதியச் செவிலியர்களின் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற கோரிக்கைக்கு வலுவான சட்ட அடிப்படை இதுவே.

தனியார் மருத்துவமனைகள்

மாவட்ட நகரங்களில் பத்துப் படுக்கை கொண்ட நர்சிங் ஹோம் முதல் பல நூறு படுக்கை கொண்ட டிரஸ்ட் மருத்துவமனை வரை எல்லாம் 'தனியார்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சட்டப்படி இவற்றைக் கட்டுப்படுத்துவது மருத்துவமனைகளுக்காக மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் வருங்கால வைப்பு நிதியும், சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு இ.எஸ்.ஐ.யும் உண்டு. சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் பதிவு பெற்ற செவிலியரோடு, குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்ற உதவியாளர்களும் வெள்ளைச் சீருடையில் நிற்பார்கள். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைப்பதால் தகுதி பெற்றவரின் சம்பளமும் ஏறாது.

2011, 2012 ஆண்டுகளில் மும்பை, டெல்லி, கேரளம் எனப் பல இடங்களில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்வது, பாண்டு எழுதி வாங்குவது, இடையில் விலகினால் பெருந்தொகை கேட்பது ஆகியவை அப்போது பொதுவெளியில் பேசப்பட்டன. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று, தனியார் செவிலியரின் நிலையை ஆராய நிபுணர் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழு படுக்கை எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் கீழ் என்றால் குறைந்தது 20,000 ரூபாய். அரசுச் செவிலியர் 40,000 ரூபாய் பெறுவதாக வைத்துக்கொண்டால், 150 படுக்கை மருத்துவமனை 36,000 ரூபாயும் 75 படுக்கை மருத்துவமனை 30,000 ரூபாயும் தர வேண்டியிருக்கும். விடுப்பு, வேலை நேரம், மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவையும் அரசுப் பணிக்கு இணையாக இருக்க வேண்டுமென்றது குழு. பரிந்துரை தெளிவானது. ஆனால் மக்கள் நலவாழ்வு மாநிலப் பட்டியலில் உள்ளதால், செயல்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் கையில் விடப்பட்டது.

கேரளம் இதில் முன்னே சென்றது. 2017இல் நடந்த பெரும் போராட்டங்களுக்குப் பின், 2018 ஏப்ரலில் அம்மாநில அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 20,000 ரூபாயாக அறிவித்தது. 2011இல் தொடங்கப்பட்ட ஐக்கிய செவிலியர் சங்கம் மருத்துவமனை வாரியாக, மாவட்ட வாரியாக உறுப்பினர்களைத் திரட்டியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் தனியார் செவிலியரின் சட்டப்படியான தொடக்க ஊதியம் மாறிவிடுகிறது. படிப்பும் பாடத்திட்டமும் எல்லையின் இருபுறமும் ஒன்றே.

பணிப்பளு

சம்பளத்தை விடவும் ஒப்பிடக் கடினமானது வேலையின் சுமை. இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல்படி கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியரும், பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைக்கு ஒருவரும், விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர்.

இதை மொத்தப் பணியிடக் கணக்காகக் கொண்டு 30 படுக்கை கொண்ட ஒரு பொது வார்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஐந்துக்கு ஒருவர் என்றால் ஆறு பேர், விடுப்பு ஈட்டோடு எட்டுப் பேர். காலை ஆறு மணி நேரம், மாலை ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு மணி நேரம் என்ற வழக்கமான முறையில் இந்த எட்டுப் பேரைப் பிரித்து, வார விடுப்பும் இரவுப்பணிக்குப் பிந்தைய ஓய்வும் போக மிஞ்சுவது காலையில் இரண்டு அல்லது மூன்று பேர், மாலையில் ஒருவர், இரவில் ஒருவர். அதாவது எல்லா இடங்களும் நிரம்பியிருந்தாலும், இரவு முழுவதும் முப்பது நோயாளிகளுக்கு ஒரே செவிலியர். இரு இடங்கள் காலியாக இருந்தால், அல்லது படுக்கை போதாமல் தரையில் பாய் விரித்து நோயாளிகள் படுத்திருந்தால், கணக்கு முற்றிலும் குலைந்துவிடும்.

பிரசவ வார்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. மாநிலம் பெருமைப்பட வேண்டிய சாதனை இது. இதன் சுமையை அன்றாடம் தாங்குபவர்கள் வட்ட, மாவட்ட மருத்துவமனைச் செவிலியர்கள். படுக்கைக் கணக்கில் தாய் மட்டுமே வருவார். பக்கத்தில் கிடக்கும் பச்சிளங்குழந்தை வராது. இரத்தப்போக்கு இருக்கிறதா என்று தாயைப் பார்ப்பதும், குழந்தை பால் குடிக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனிப்பதும் ஒரே ஆள். சிக்கலான பிரசவங்களைக் கையாளும் சீமாங்க் மையங்களுக்குச் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து நள்ளிரவிலும் 108 ஆம்புலன்ஸில் கர்ப்பிணிகள் வந்துகொண்டிருப்பார்கள். இவற்றோடு பதிவேடுகள், கணினிப் பதிவு, மருந்து இருப்புக் கணக்கு ஆகியவையும் செவிலியர் தலையில்தான்.

தனியார் மருத்துவமனைகளில் நோயாளி எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டும், மாற்று ஆள் வராவிட்டால் தொடர்ந்து அடுத்த ஷிப்டும் பார்க்க வேண்டிய கட்டாயமும் சிறிய இடங்களில் உண்டு.

விடுப்பும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டு அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியார் துறையில் மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 26 வாரம். ஒப்பந்தச் செவிலியருக்கு இது நெடுங்காலம் வழக்காடிப் பெற வேண்டியதாகவே இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பலன்கள் முழுமையாகத் தரப்பட வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி மருத்துவர் ஒருவரின் வழக்கில் கூறியது ஒப்பந்தச் செவிலியருக்கும் பயன்படும் தீர்ப்பு. தாக்குதல்களிலிருந்து மருத்துவப் பணியாளரைக் காக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச்சட்டம் உண்டு. எனினும் நோயாளியின் உறவினர் கோபத்துக்கு முதலில் ஆளாகிறவர் வார்டில் எந்நேரமும் இருக்கும் செவிலியரே.

நிரந்தரச் செவிலியருக்குப் பணியிட மாறுதல் கலந்தாய்வு உண்டு. சொந்த மாவட்டத்துக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, குழந்தைகளை ஒரு ஊரிலும் வேலையை வேறு ஊரிலுமாக வைத்து வாழும் குடும்பங்கள் ஏராளம். வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்துக்குச் சிலர் சம்மதிப்பதற்குப் பேருந்துச் செலவும், இரவுப்பணி முடிந்து திரும்பும் வழியின் பாதுகாப்பும் காரணமாகின்றன.

தனியார் மருத்துவமனைகளில் இரண்டு மூன்றாண்டு அனுபவம் பெற்றபின் வளைகுடா நாடுகளுக்கும் பிரிட்டன், அயர்லாந்துக்கும் செல்வது பலர் வகுத்துக்கொள்ளும் பாதை. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. மாவட்டங்களிலுள்ள தனியார் மருத்துவமனைகள் தாம் பழக்கிவிட்ட கைகளை இழந்து, ஒவ்வோராண்டும் புதிதாகப் படிப்பு முடித்தவர்களைக் கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்த வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.