கணக்கில் செத்த வண்டி

சென்னைப் புதுப்பேட்டைக்குப் பழைய வண்டி பார்க்கப் புதிதாகப் போகிறவர்கள் டேங்கின் பளபளப்பைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் குனிந்து சேசிஸ் நம்பரைத் தேடுவார்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே, ஸ்டீரிங் கழுத்தில் குத்தியிருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த வரிசையைத் தவிர, ஒரு மோட்டார் சைக்கிளில் மற்ற எதையும் கழற்றி மாற்றிவிடலாம். நான் சொல்ல வந்த வண்டியின் நம்பர் எம்இ1 என்று தொடங்குகிறது. இந்தியாவில் யமஹா கட்டிய வண்டிகளுக்கு உரிய தொடக்கம் அது. யமஹா ஆர்15, வெர்ஷன் 2. உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூர் ஆலையில் 2013-இல் பிறந்தது. சென்னையில் ஓடியது, ஜி.எஸ்.டி. சாலையில் விழுந்தது, காகிதத்தில் செத்தது. இப்போது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2008-இல் முதல் ஆர்15 வந்தபோது, ரேஸ் வண்டி என்றால் வெளிநாட்டுப் படத்தில் பார்ப்பது என்றிருந்த ஒரு தலைமுறைக்கு அது கைக்கு எட்டியது. 150 சிசி வண்டியில் ரேடியேட்டர், நான்கு வால்வு, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர், டெல்டாபாக்ஸ் சேசிஸ் எல்லாம் ஒருசேர வந்தன. 2011-இல் வெளியான வெர்ஷன் 2-இல் அலுமினிய ஸ்விங் ஆர்மும் 130 அளவுள்ள பின் ரேடியல் டயரும் சேர்ந்துகொண்டன. எடை 136 கிலோ, சக்தி 17 குதிரை. நேர்ப்பாதையில் இதை முந்திப் போக எத்தனையோ வண்டிகள் உண்டு. வளைவில் சாய்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தச் சேசிஸின் அருமை தெரியும். நடு வளைவில் ஒரு மேடு தட்டினாலும் பிடித்த கோட்டை விடாது.

முதலில் வாங்கியவர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த ஓர் இளைஞர். நாலரை வருடம் நன்றாகத்தான் வைத்திருந்தார். ஒரு விடியற்காலையில் மாடு குறுக்கே வந்தது. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது, வேறு பெரிய அடியில்லை. வண்டிக்கு ஃபோர்க் இரண்டும் வளைந்தன, முன் சக்கரம் நெளிந்தது, ரேடியேட்டர் பிளந்தது, ஃபேரிங் தூளாகிவிட்டது.

அதன் பிறகு நடந்தது கணக்கு. இன்ஷூரன்ஸ் பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பை ஐடிவி என்பார்கள். வயது நான்கைத் தாண்டி ஐந்துக்குள் இருந்தால் அது புது விலையில் பாதி. பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஒரு லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டில் மதிப்பு 50,000, எஸ்டிமேட் 37,500-ஐத் தாண்டினால் கதை முடிந்தது. ஷோரூம் விலையில் ஃபேரிங், ஹெட்லைட், ஃபோர்க், சக்கரம், ரேடியேட்டர் என்று எழுதிக்கொண்டே போனால் அந்தத் தொகை எங்கே நிற்கும்? இதே அடி, வண்டி வாங்கிய முதல் ஆறு மாதத்தில் பட்டிருந்தால் மதிப்பு 95,000, வரம்பு 71,250. ரிப்பேர் செய்து சாவியைக் கையில் கொடுத்திருப்பார்கள். அடி ஒன்றுதான், வயதுதான் வேறு. இந்தக் கணக்கில் தப்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் டோட்டல் லாஸ் என்ற முத்திரையைப் பார்த்ததும் இன்ஜினும் சேசிஸும் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோமே, அது சரியில்லை. அவற்றை அதுவரை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

பிறகு வண்டி சில மழைக்காலங்களை, சேதமான வண்டிகளை நிறுத்தும் யார்டில் நின்றே கழித்தது. அங்கிருந்து மொத்தமாக ஏலம் எடுத்தவர்கள் வழியாகப் புதுப்பேட்டைக்கு வந்தது.

ஆதித்தனார் சாலையும் அதையொட்டிய சந்துகளும் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு உண்டு. திருட்டு வண்டி அரை மணி நேரத்தில் காணாமல் போகும் இடம் என்பதுதான் அதிகம் சொல்லப்படுவது. எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை உண்டு. கம்பெனி உதிரிபாகம் நிறுத்திவிட்ட வண்டிகள் இன்றும் தமிழ்நாட்டு ரோட்டில் ஓடுகின்றன என்றால் அதில் பெரும்பங்கு இந்தக் கடைகளுடையது. கருத்த எண்ணெய் ஊறிய தரையில் உட்கார்ந்து, ஒரு கியர்பாக்ஸைக் கையில் தூக்கிப் பார்த்தே எந்த வருடத்து மாடல் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இந்த வண்டியைக் கண்டுபிடித்தவர் என் நண்பர். அம்பத்தூரில் லேத் பட்டறைகள் நிறைந்த தெருவில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நானும் கூடப் போயிருந்தேன்.

“இன்ஜின் ஓடுதா பாய்?”

“செல்ஃப் சுத்துது தம்பி, புடிக்க மாட்டேங்குது. ஈசியூ போயிருக்கும். பார்ட்டா கேக்குறாங்க, நான்தான் இன்னும் உடைக்கல. முழுசா எடுக்குறியா, சொல்லு.”

நண்பர் சாவியைத் திருப்பிக் காதைக் கிட்டே வைத்தார். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும். இதில் அந்த முனகல் இல்லை. ஒயரிங்கை விரலால் தொட்டுக்கொண்டே போனார். தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி, இருக்க வேண்டிய பிராக்கெட்டிலிருந்து கழன்று தலைகீழாகத் தொங்கியது. வண்டி கீழே சாய்ந்தால் பம்பையும் ஸ்பார்க்கையும் நிறுத்தும் சென்சார் அது. உடைந்த ஃபேரிங்கை யாரோ பிய்த்து எடுத்தபோது அதுவும் கழன்றிருக்கிறது. அன்றிலிருந்து இந்த வண்டி, தான் கவிழ்ந்து கிடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. நண்பர் அதை நிமிர்த்திப் பிடித்துச் சாவியை அணைத்துப் போட்டார். பம்ப் முனகியது. கடைக்கார பாய் சிரித்துவிட்டு, சொன்ன விலையை மாற்றாமல் கொடுத்தார்.

விலை பேசும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, பார்த்தோம்: ஆர்.சி. ரத்தானதற்கான சான்று. இனி ஓட வழியில்லாத வண்டி என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ரத்தாகாத ஆர்.சி. ஒன்று கையில் இருந்தால், அதன் நம்பரைத் திருடிய வண்டியில் குத்தி ஓட்டிவிடலாம். சேதமான வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஒரு காகிதத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. அது இருந்ததால் எங்கள் வண்டிக்குச் சாலை முடிந்துபோனது, மனச்சாட்சி சுத்தமாக இருந்தது. தனியார் டிராக்கில் ஓட நம்பர் பிளேட் தேவையில்லை.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் நடந்தது கழற்றல்தான். ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஸ்டாண்ட், ஹாரன், பின்சீட், நம்பர் பிளேட் தாங்கி எல்லாம் போயின. டிராக்கில் இவை எடை, விழுந்தால் பிறர் டயரைக் கிழிக்கும் துண்டுகள்.

அடுத்து சேசிஸ். பின் டயரைச் சுற்றி நூல் கட்டி இருபுறமும் முன் டயர் வரை இழுத்துப் பிடித்து, இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றுபோல வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அதோடு விடவில்லை. ஸ்டீரிங் கழுத்தின் வெல்டிங்கைப் பெயின்ட் போகச் சுரண்டித் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்தார். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கும். கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பனியன் வேஸ்ட்டால் மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி ஸ்பிரே அடித்தார். உள்ளே சாயம் ஒளிந்திருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும். நாங்கள் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்து வெள்ளையாகவே இருந்தது. ஃபேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டின் அடியில் மட்டும் மயிரிழைபோல ஒரு சிவப்பு எழுந்தது. அது எப்படியும் அறுத்தெறியப் போகும் பாகம். கழுத்தில் அந்தக் கோடு வந்திருந்தால் வண்டியை உடைத்துப் பார்ட்டாக விற்றிருப்பார். அதில் அவர் உறுதியாக இருந்தார்.

வளைந்த ஃபோர்க் குழாயை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திக் கொடுக்கும் பட்டறைகள் ஊருக்கு ஊர் உண்டு. கடைத்தெருவுக்குப் போகும் வண்டிக்கே எனக்கு அதில் சம்மதம் இல்லை. டிராக்கில் முன் பிரேக்கை அழுத்தும்போது மொத்த எடையும் அந்த இரண்டு குழாய்களில்தான் இறங்குகிறது. பின்னால் லாரி இடித்து முடிந்துபோன இன்னொரு ஆர்15-இலிருந்து முன்பகுதி முழுசாகக் கிடைத்தது. அந்தக் குழாய்களைத் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டி, அடியில் ஒளி கசிகிறதா என்று பார்த்த பிறகே மாட்டினார். ஆக இந்த வண்டியில் இப்போது இரண்டு விபத்துகள் கலந்து ஓடுகின்றன.

இன்ஜினில் பயம் ஒன்றே ஒன்று, சிலிண்டர். பழைய வண்டிகளில் சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் போர் எடுத்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். ஆர்15-இல் யமஹா வைத்திருப்பது டயாசில் என்ற சிலிக்கான் கலந்த அலுமினிய சிலிண்டர். உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது, போர் எடுக்க முடியாது. கீறல் விழுந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டியதுதான். ஹெட்டைக் கழற்றி, நகத்தால் சுவரை மேலிருந்து கீழே வருடிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. விழுந்த நொடியிலேயே சென்சார் இன்ஜினை நிறுத்தியிருந்ததால், ஆயில் ஏறாமல் ஓடும் கொடுமை அதற்கு நேரவில்லை. வண்டியின் விலையைக் குறைத்த அதே பெட்டிதான் அதன் இன்ஜினையும் காப்பாற்றியிருந்தது. வால்வு சீல், டைமிங் செயின், கேஸ்கெட் மட்டும் புதிது.

சக்தியைக் கூட்டச் சொல்லி வந்தவர் போனவர் எல்லாம் யோசனை சொன்னார்கள். பெரிய பிஸ்டன், வேறு கேம், வேறு ஈசியூ. நண்பர் கேட்கவில்லை, எனக்கும் அதுவே சரியென்று பட்டது. டிராக் பழகுகிறவருக்கு முதலில் வேண்டியது நிற்கிற வண்டி, திரும்புகிற வண்டி. பணம் டயருக்கும் பிரேக்குக்கும் போனது. சூடேறினால் ரப்பர் ஹோஸ் உப்பும், லீவர் கையோடு வரும். அதற்குப் பதில் எஃகு வலை பின்னிய ஹோஸ், புது டாட் 4 ஆயில், நல்ல பேட். ஃபோர்க்கில் கொஞ்சம் கெட்டியான ஆயில். ஹேண்டில் தாழ்ந்தது, கால் வைக்கும் பெக் மேலேயும் பின்னாலேயும் ஏறியது. பெக் தாங்கியைத் தெருவிலேயே அலுமினியத்தில் கடைந்து வாங்கினார்.

ரேடியேட்டரில் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினார். கிளைகால் கலந்த கூலன்ட் டிராக்கில் சிந்தினால் லேசில் காயாது, வழுக்கும். பின்னால் வருகிறவர்கள் வரிசையாக விழுவார்கள். தண்ணீர் ஆவியாகிவிடும். ஆயில் சிந்தாமல் பிடிக்க, அடியில் தொட்டிபோல ஒரு ஃபைபர் பெல்லி பான். பிறகு லாக் வயர். ஆயில் வடிக்கும் போல்ட், ஃபில்டர் மூடி, பிரேக் காலிப்பர் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் நூல் கனத் துளை போட்டு, எஃகுக் கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்ட வேண்டும். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கம் இழுக்கிற மாதிரி கட்டுவதில்தான் வித்தை. ட்ரில் பிட் உடைந்துகொண்டே இருந்தது. தன் உயிருக்காக மட்டும் செய்கிற வேலையில்லை இது, பின்னால் வரும் முகம் தெரியாத ஒருவருக்காகவும் செய்வது. இந்த வண்டியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு சனிக்கிழமை இருட்டோடு குட்டி யானையில் ஏற்றிக் கட்டி, பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். சென்னைக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது. பிறகு தனக்கென்று கட்டிக்கொண்ட டிராக்தான் இது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். எதிரே வண்டி வராது, மாடு வராது. விழுந்தால் ஓடிவரக் கொடி பிடித்தவர்கள் நிற்கிறார்கள், ஆம்புலன்ஸ் இன்ஜின் சூட்டோடு நிற்கிறது. இரவில் ஈ.சி.ஆரில் பிள்ளைகள் முறுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அந்த வேகத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருக்கும்.

பரிசோதகர் லாக் வயரை விரலால் சுண்டினார், முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டார். தானாகத் திரும்பி டக்கென்று மூடியதும் ஸ்டிக்கர் ஒட்டினார். முதல் ஓட்டத்தில் நண்பர் டயர் சூடேறும் வரை மெதுவாகப் போனார். அடுத்ததில் சி1 என்று எல்லோரும் சொல்லும் அந்த வேகமான முதல் வலது வளைவில் அதைச் சாய்த்துக்கொண்டு போனதைப் பிட் சுவரிலிருந்து பார்த்தேன். அந்தக் கழுத்து, அந்த இரவல் ஃபோர்க், கொஞ்சமும் உதறவில்லை.

திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஸ்ப்ராக்கெட்டைப் பற்றித்தான் பேசினார். வளைவிலிருந்து சட்டென்று கிளம்ப வேண்டுமென்று பின்னால் பல் அதிகமுள்ள ஸ்ப்ராக்கெட் போட்டிருந்தோம். அதனால் நேர்ப்பாதை முடியும் முன்பே ஆறாவது கியரில் லிமிட்டர் தட்டுகிறதாம். இரண்டு பல் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார். ஒரு பல் போதும் என்பது என் கட்சி. இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் வாங்கி வைத்தாயிற்று. அடுத்த டிராக் நாளில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று.