கூகல் தேடலில் விளம்பரம்: சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகுமா?

வீவக வீட்டிலிருந்து சிறு தொழில் நடத்துவோர் வாசலில் பெயர்ப்பலகையோ விளம்பரமோ வைக்க விதிமுறைகள் இடம்கொடுப்பதில்லை. மருதாணி போடுபவர், கேக் செய்பவர், ரவிக்கை தைப்பவர் என யாராக இருந்தாலும், அவர்களின் கடைவாசல் இணையம்தான்.

இணையப்பக்கம் தொடங்கியாச்சு. இன்ஸ்டகிராமில் நண்பர்கள் எல்லாரும் 'லைக்' போட்டாச்சு. ஆனா புது வாடிக்கையாளர் வரலையே? அந்தக் கட்டத்தில்தான் பலரும் கூகல் விளம்பரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள்.

போடும் காசு திரும்ப வருமா? அதற்கு முதலில் காசு எப்போது போகிறது என்று தெரியவேண்டும்.

'கிளிக்' செய்தால்தான் கட்டணம்

கூகலில் எதையாவது தேடினால், முடிவுகளுக்கு மேலே 'ஸ்பான்சர்ட்' என்ற குறிப்புடன் சில இணைப்புகள் வரும். அவற்றைப் பார்த்துவிட்டு நீங்கள் கடந்துபோனால் விளம்பரம் செய்தவருக்குச் செலவில்லை. யாராவது அதைத் தட்டினால்தான் அவர் கணக்கிலிருந்து காசு போகும்.

இந்த யோசனை கூகலுடையது அல்ல. 1998இல் அமெரிக்காவின் கோட்டு.காம் எனும் தேடல் தளம் இதைத் தொடங்கிவைத்தது. கூகல் 2000இல் விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002இல் கிளிக்குக்குக் கட்டணம் என்ற முறைக்கு வந்தது. ஆட்வேர்ட்ஸ் என்ற அந்தச் சேவையின் பெயர் 2018இல் கூகல் ஆட்ஸ் என மாறியது.

ஒவ்வொரு முறை யாராவது தேடும்போதும் பின்னால் ஓர் ஏலம் நடக்கிறது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் ஏலம் அது. அதிகப் பணம் சொன்னவரே வெல்வார் என்று நினைக்கவேண்டாம். தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, தட்டியவர் போய்ச் சேரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதையும் கூகல் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு வெள்ளி சொன்னவர், இரண்டு வெள்ளி சொன்னவருக்கு மேலே வர வாய்ப்புண்டு. நீங்கள் சொன்ன உச்சவரம்பு முழுவதும் எப்போதும் பிடிக்கப்படாது. பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே போகும்.

முதலில் கால்குலேட்டரை எடுங்கள்

கணக்கு தொடங்குவதற்கு முன்னாடியே செய்யவேண்டியது இது. பலர் செய்வதில்லை.

ஓர் உதாரணம். தீபாவளி முறுக்கு விற்கிறீர்கள். டின் 15 வெள்ளி. செலவு போகக் கையில் நிற்பது 5 வெள்ளி. விளம்பரத்தைத் தட்டும் 20 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 வெள்ளியை 20ஆல் வகுத்தால் 25 காசு. ஒரு கிளிக்குக்கு அதற்குமேல் கொடுத்தால் கைக்காசுதான் போகும். கிளிக் ஒரு வெள்ளி என்றால்? 5 வெள்ளி லாபத்துக்கு 20 வெள்ளி செலவு! விற்க விற்க நட்டம்.

இப்போது மணப்பெண்ணுக்கு மருதாணி போடுபவரைப் பாருங்கள். ஒரு திருமணத்தில் அவருக்கு 200 வெள்ளி நிற்கிறது. அதே 20இல் ஒருவர் கணக்கு. ஒரு கிளிக்குக்கு 10 வெள்ளிவரை அவர் தாங்குவார். கிளிக் 3 வெள்ளி என்றாலும், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 60 வெள்ளி. 140 வெள்ளி மிச்சம்.

ஆக, விலை குறைந்த பொருளை ஒவ்வொன்றாக விற்பவருக்குத் தேடல் விளம்பரம் ஒத்துவராது என்பதே என் கருத்து. முறுக்குக்காரருக்கு வழியே இல்லையா? இருக்கு. அலுவலகத்துக்கு 50 டின் மொத்தமாக வாங்குபவர் தேடும் சொற்களுக்கு மட்டும் விளம்பரம் போட்டால் கணக்கே மாறிவிடும்.

இன்னொன்று: கூகல் கட்டணத்தின்மீது 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். அந்த வரிக்குப் பதிவுசெய்யாத சிறு தொழில்கள் அதைத் திரும்பப் பெறமுடியாது. அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசு ஒழுகும் இடம்

மருதாணிக்காரர் 'ஹென்னா சிங்கப்பூர்' என்ற சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார். சரியாகத்தானே இருக்கு?

பிரச்சினை என்னவென்றால், ஹென்னா என்று தேடுபவர் எல்லாரும் கையில் மருதாணி போட நினைப்பவர் அல்லர். நரைமுடிக்குச் சாயம் தேடுபவர் இருப்பார். மருதாணிப் பொடி வாங்க நினைப்பவர், மருதாணி போடக் கற்றுத்தரும் வகுப்பைத் தேடுபவர், வீட்டிலேயே போட்டுப்பார்க்கப் படம் தேடுபவர்... இவர்களில் யார் தட்டினாலும் காசு போகும். யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடப்போவதில்லை.

அதற்குத்தான் 'நெகட்டிவ் கீவேர்ட்' என்ற வசதி. 'ஹேர்', 'பவுடர்', 'கோர்ஸ்', 'ஃப்ரீ' போன்ற சொற்களை அதில் சேர்த்தால், அவற்றைக் கொண்ட தேடல்களில் உங்கள் விளம்பரம் வராது. 'கோர்ஸ்' என்று சேர்த்தால் 'கோர்ஸஸ்' தானாகத் தடுக்கப்படாது. இரண்டையும் எழுதவேண்டும்.

மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலும் கணக்கில் இருக்கும். எல்லாத் தேடல்களும் அதில் வராது, ஆனால் வருவதே போதுமான பாடம். முதல் இரண்டு வாரம் தினமும் அதைப் பாருங்கள். சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வயிறு எரியும்.

இன்னும் சில ஓட்டைகள், கூகல் தானாகவே தெரிவுசெய்து வைத்திருப்பவை:

'பிராட் மேட்ச்' - நீங்கள் கொடுத்த சொல்லோடு தொடர்புடையது என்று கூகல் நினைக்கும் தேடல்களிலும் விளம்பரம் வரும். சிறிய தொகையுடன் தொடங்குபவர் சொற்றொடரை மேற்கோள்குறிக்குள்ளோ சதுர அடைப்புக்குள்ளோ போட்டு எல்லையைச் சுருக்குவது நல்லது.

இடம் - சிங்கப்பூர் என்று தெரிவுசெய்தாலும், சிங்கப்பூர்மீது ஆர்வம் காட்டும் வெளிநாட்டவருக்கும் விளம்பரம் போகலாம். இங்கே இருப்பவருக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

'டிஸ்பிளே நெட்வொர்க்' - தேடல் விளம்பரம் மற்ற இணையத்தளங்களிலும் செயலிகளிலும் தோன்ற அனுமதிக்கும் பெட்டி. அதன் 'டிக்'கை எடுத்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு 10 வெள்ளி என்று வரம்பு வைத்தால், ஒரே நாளில் 20 வெள்ளிவரை போகலாம்! பயப்படவேண்டாம். மாதக் கணக்கில் 304 வெள்ளியைத் தாண்டாது. நாளுக்கு 10 வெள்ளி என்ற அளவை 30.4ஆல் பெருக்கி வரும் தொகை அது.

தட்டிய பிறகு?

இணையப்பக்கத்தின் முகப்புக்குக் கூட்டிப்போய் "நீங்களே தேடிக்கோங்க" என்று விட்டால் வந்தவர் போய்விடுவார். மணப்பெண் மருதாணி விளம்பரத்தைத் தட்டியவர் நேராக அந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும். நீங்கள் போட்டுவிட்ட மருதாணிப் படங்கள், தொடக்க விலை, வாட்ஸ்அப் பொத்தான் அங்கே இருக்கவேண்டும். விலையை மறைக்கவேண்டாம். விலை ஒத்துவராதவர் பேசாமலேயே விலகினால் உங்கள் நேரம் மிச்சம். விலையை விளம்பர வரியிலேயே போட்டால் அந்தக் கிளிக்கும் மிச்சம்.

வாட்ஸ்அப் பொத்தானை எத்தனை பேர் தட்டினார்கள் என்று எண்ணும் வசதியையும் முதல் நாளே இணைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் எந்தச் சொல் வேலை செய்தது என்று சொல்லவே முடியாது.

தமிழில் விளம்பரம் போடலாமா? போடலாம். கூகல் 2018இலிருந்து தமிழ் விளம்பரங்களை ஏற்கிறது. ஆனால் உங்கள் வாடிக்கையாளர் எந்த மொழியில் தேடுகிறார் என்பதே முக்கியம். வீட்டில் தமிழ் பேசிவிட்டுத் தேடலில் ஆங்கிலத்தில் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

போட்டியாளர் வேண்டுமென்றே தட்டித் தட்டிக் காசைக் கரைத்தால்? சந்தேகத்துக்குரிய கிளிக்குகளைக் கூகல் வடிகட்டி, அவற்றுக்குக் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனா எல்லாமே பிடிபடும் என்று சொல்லமுடியாது. உங்கள் விளம்பரம் வருகிறதா என்று நீங்களே அடிக்கடி தேடிப் பார்ப்பதும் வேண்டாம். தட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், யாருக்கும் ஆர்வமில்லாத விளம்பரம் என்ற கணக்கு சேரும். அதைப் பார்க்கக் கூகல் ஆட்ஸிலேயே தனி முன்னோட்டக் கருவி இருக்கிறது.

காசு கொடுப்பதை நிறுத்தினால் அன்றே விளம்பரமும் மறைந்துவிடும். எனவே, அதற்கு முன்பே 'கூகல் பிஸ்னஸ் புரொஃபைல்' கணக்கைத் திறந்துவைப்பது நல்லது. அது இலவசம். வாடிக்கையாளர் இடத்துக்கே போய்ச் சேவை வழங்குபவர் வீட்டு முகவரியை மறைத்து, சேவை வழங்கும் வட்டாரத்தை மட்டும் காட்டலாம்.