சீனவெடியும் அதன் பின்னுள்ள கைகளும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே பட்டாசைச் ‘சீனவெடி’ என்பர். பொருளின் பிறப்பிடத்தை மறவாத சொல் அது. ஆயின், சீனமொழியில் அப்பொருளுக்குள்ள பெயர் இன்னும் பழையதொரு நிலையைச் சுட்டுகின்றது. ‘பாவோசூ’ என்பதன் நேர்ப்பொருள் ‘வெடிக்கும் மூங்கில்’ என்பதாகும்.

யாங்சி நதியின் நடுப்பகுதி மக்களது ஆண்டு வழக்கங்களைக் கூறும் சோங் லின்னின் 6ஆம் நூற்றாண்டு நூல், புத்தாண்டு நாளிற் கோழி கூவும் பொழுதெழுந்து, முற்றத்தில் மூங்கிலை வெடிக்கச் செய்து, மலைப்பேய்களை விரட்டிய வழக்கத்தைக் குறிப்பிடுகின்றது. கணுக்களிடையே அடைபட்ட காற்றும் ஈரமும் தீயிற் சூடேறி விரிய, மூங்கில் வெடிக்கும். அங்கு வெடிமருந்து இல்லை. மலையும் காடும் சூழ்ந்த வாழ்வின் அச்சமே இருந்தது.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை 9ஆம் நூற்றாண்டளவிலேயே தெரியவருகின்றது. அதன் செய்முறைகள் 1044இல் தொகுக்கப்பட்ட படைத்துறை நூலொன்றில் இடம்பெற்றன. சொங் காலத்தில் மூங்கிலின் இடத்தைக் காகிதக் குழல் பெற்றது. தென் சொங் தலைநகராயிருந்த ஹாங்சோவின் வாழ்வை நினைவுகூரும் சோ மி, ஒருமுறை திரியைப் பற்றவைத்தால் நூறு வெடிகள் தொடரும் வகையொன்றை விவரிக்கின்றார். இதனை வெறும் தொழினுட்ப முன்னேற்றமாகக் கொள்வது போதாது. மூங்கிலை வெட்டியவனே அதனை எரித்தான். காகித வெடியோ ஒருவர் செய்ய மற்றொருவர் வாங்குவது. பேயோட்டும் சடங்கு நகரச் சந்தையிற் பண்டமாகியதை நாம் இங்கு காண்கின்றோம்.

ஹுனான் மாகாணத்து லியூயாங் வட்டாரத் தொழிலாளர், தாங் காலத்தவராகக் கூறப்படும் லீ தியான் என்பாரைத் தம் தொழிலின் முன்னோராக வழிபட்டனர். ஐதிகம் அவரை 7ஆம் நூற்றாண்டில் வைக்கின்றது. வெடிமருந்துச் சான்றுகளோ அதற்குப் பிந்தியவை. எனினும், ஐதிகத்தைப் பொய்யென ஒதுக்கிவிடுதல் எளிது. அன்றாடம் உயிரைப் பணயம் வைத்து உழைப்போருக்குக் காவலொன்று தேவைப்பட்டது என்பதே நமக்கு முக்கியமானது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த மக்காவோவிலே இத்தொழில் ஏற்றுமதிக்கென வளர்ந்தது. தைப்பாத் தீவின் தொழிற்சாலைகளில் மருந்து இடிக்கப்பட்டது. திரி செருகுதலும் சரம் பின்னுதலும் பெண்கள், சிறுவர் கைகளுக்கு விடப்பட்டன. செய்த எண்ணிக்கைக்கேற்பவே கூலி. அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற பொதிகளின் வண்ணச் சிட்டைகள் இன்று சேகரிப்போரின் அரும்பொருள்கள். சிட்டை எஞ்சியது, பின்னியவர் பெயர் எஞ்சவில்லை.

பெய்ஜிங் நகரம் 1993இற் பட்டாசுக்குத் தடை விதித்து, 2005இல் அதனைத் தளர்த்தியது. இடைப்பட்ட ஆண்டுகளின் விவாதத்தில் மரபு பேசப்பட்டது. தீ விபத்தும் பேசப்பட்டது. ஆனால் இவை யாவும் வாங்கி வெடிப்போர் பற்றிய பேச்சுகளே. அவ்வாண்டுகளுக்கிடையில், 2001 மார்ச்சில், ஜியாங்சி மாகாணக் கிராமப் பள்ளியொன்று வெடித்துத் தகர்ந்ததில் நாற்பதின்மருக்கு மேல் மாண்டனர், பெரும்பாலோர் சிறார். மனநிலை பிறழ்ந்த ஒருவன் வெடிபொருளைக் கொண்டுவந்தான் என்றனர் அதிகாரிகள். வகுப்பறையில் அமர்ந்து தம் பிள்ளைகள் பட்டாசுக்குத் திரி செருகிவந்தனர் என்றனர் பெற்றோர்.