கல்லறையிலிருந்து கோட்டைக்கு

மலாக்காவை 1511இல் பிடித்த போர்த்துக்கேயத் தளபதி அல்புகர்க்கி, கோட்டை கட்டக் கல் தேடி அதிக தூரம் போகவில்லை. சுல்தான்களின் கல்லறைகளையும் பள்ளிவாசல்களையும் பெயர்த்தெடுத்தார். அந்தக் கற்களும் சேர்ந்துதான் ஆ ஃபமோசா கோட்டை எழுந்தது. அவருடைய மகன் தொகுத்த நூலே இதைச் சொல்கிறது.

மதவெறி என்று இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இஸ்லாமிய அரசர்களின் சமாதியை இடித்த அதே கை, நைனா சாத்து என்ற இந்துத் தமிழ் வணிகருக்குப் பெண்டஹாரா என்ற உயர் பதவி தந்தது. சிறைப்பட்ட போர்த்துக்கேயருக்கு முன்பு உதவியவர் அவர். 1514இல் அந்தப் பதவி சுமத்திராவின் கம்பார் அரசருக்குப் போனபோது, அவமானம் தாங்காமல் தீக்குளித்தார் என்று போர்த்துக்கேயரே எழுதிவைத்திருக்கிறார்கள். யாருடைய சாமி என்பதைவிட யாரால் ஆதாயம் என்பதே அங்கே பெரிதாக இருந்தது. அதே காலத்தில், 1513இல், இத்தாலியில் மாக்கியவெல்லி 'இளவரசன்' என்ற அரசியல் நூலை எழுதிக்கொண்டிருந்தார். ஆள்பவன் பக்திமானாகத் தோன்றினால் போதும் என்றார்; மதத்தைக் காட்டி ஸ்பெயின் அரசர் ஃபெர்டினாண்ட் செய்த கொடுமையையும் அதில் எடுத்துக்காட்டினார்.

1641இல் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போனது. வாசலில் 1670 என்ற ஆண்டோடு தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனிச் சின்னத்தைப் பொறித்தார்கள்.

பின்னர் ஊர் ஆங்கிலேயர் வசம் வந்தது. 1807இல் ஆங்கிலேய அதிகாரி ஃபார்க்குவார் கோட்டையை இடிக்கச் சொன்னார். கூலியாட்கள் நடுங்கினார்கள். கோட்டைக்குள் பேய் பிசாசு குடியிருக்கிறது என்று ஊரே நம்பியது. வேலை செய்தவர்களில் சிலர் நோயில் விழ, கூலி ஏறியது. ஆனாலும் ஆள் கிடைக்கவில்லை. இதைச் சிறுவனாகப் பார்த்தவர் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. நாகூர்த் தமிழ் ரத்தமும் கலந்த குடும்பம் அவருடையது; வியாபார மொழி என்பதால் சிறு வயதில் தமிழும் படித்தார். பேய்க் கதைகளை வீண் நம்பிக்கை என்று சாடிய அவர், அந்தக் கூலிகளின் பயத்தை மறைக்காமல் எழுதினார். அந்தப் பக்கங்களை நான் மிகவும் மதிக்கிறேன். முந்நூறு ஆண்டு ஆட்சிகள் எளியவர் மனசில் விட்டுப்போன அச்சம் அதில் அப்படியே இருக்கிறது.

கடைசியில் வெடிமருந்து வைத்தார்கள். பெரும் பாறைகள் மேலே கிளம்பின. சில கடலில் விழுந்தன. மிச்சக் கல்லை வீடு கட்ட எடுத்துப்போனார்கள். போர்ட்டா டி சாந்தியாகோ வாசல் மட்டும் தப்பியது. 2006இல் மலாக்காவின் பண்டார் ஹிலிரில் சுழல் கோபுரத்துக்காகத் தோண்டியபோது கோட்டையின் ஒரு கொத்தளத்து அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள்.